மூன்று மில்லிமீட்டர்

மரவேலையில் அகலப் பலகை அறுப்பது எளிது. மெல்லிய சட்டம் அறுப்பதுதான் சோதனை. மேசைப் பலகையில் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யார் கண்ணிலும் படாது. சாமி மேடைக் கதவுக்குப் பின்னல் தட்டி செய்ய 3 மில்லிமீட்டர் சட்டம் அறுக்கும்போது, அதே அரை மில்லிமீட்டர் ஆறில் ஒரு பங்கு. ஒரு சட்டம் பள்ளத்தில் இறுகும், அடுத்தது ஆடும்.

தெலுக் இந்தானில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் தூண்டில் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். நான் ரப்பர் பலகை அறுக்கிறேன். பால் குறைந்த ரப்பர் மரத்தை 25, 30 வயதில் தோட்டத்தில் சாய்த்துவிடுவார்கள். எங்கள் சிறுவயதில் அது அடுப்புக்கும், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்துக்கும் விறகாகத்தான் போனது. வெட்டிய சில நாளிலேயே நீலம் பூத்து, வண்டு துளைத்துவிடும் என்பதால் தச்சர்கள் அதைத் தொடமாட்டார்கள். போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களில் அதன் மதிப்பே மாறிவிட்டது. இன்று மலேசியாவிலிருந்து கப்பலேறும் மர நாற்காலி, மேசைகளில் பெரும்பாலானவை இந்த மரத்தில் செய்தவை.

மேசை ரம்பத்தில் அறுக்கும் வழக்கமான முறை, வலப்பக்கத்துத் தடுப்புச் சட்டமான ஃபென்ஸில் பலகையை ஒட்டித் தள்ளுவது. மெல்லிய சட்டத்துக்கு அது ஆகாது. பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர்தான் இடம். தள்ளும் கட்டைகூட அதற்குள் நுழையாது. அறுந்த சட்டம் அங்கே மாட்டிக்கொண்டால், சுழலும் பல் அதை அறுப்பவர்மீதே எறிந்துவிடும்.

அதனால் அளவை பிளேடின் இடப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். ஜிக் என்னும் வழிகாட்டிக் கட்டையின் வேலை அதுதான். மேசையில் ஏற்கெனவே இருக்கும் நீளப் பள்ளத்தில் பொருந்தும் ஓடுசட்டம் ஒன்று, அதன்மேல் ஒரு கட்டை, கட்டையின் மூக்கில் சிறிய பேரிங். பேரிங்குக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளியே சட்டத்தின் கனம். பிளேடின் உடம்பைவிடப் பல் அகலம் என்பதால் பல்லின் நுனியிலிருந்துதான் அளக்க வேண்டும். ஒருமுறை அளந்து முடுக்கிவிட்டால், பிறகு டேப்புக்கு வேலையில்லை. பலகையின் இட ஓரம் பேரிங்கைத் தொடும்வரை ஃபென்ஸை நகர்த்திப் பூட்டி அறுக்கலாம். சட்டம் இடப்பக்கம் தானாக விழும். மறுபடியும் ஃபென்ஸை நகர்த்தி, தொட்டு, பூட்டி, அறுக்கலாம். பேரிங் பிளேடின் முன்பல்லுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். பிளேடுக்கு நேராக நின்றால் அறுந்த சட்டம் இரண்டுக்கும் நடுவே நசுங்கும். எந்த ஆபத்தைத் தவிர்க்க ஜிக் செய்தோமோ அதே ஆபத்து திரும்பி வந்துவிடும்.

எங்கள் ஊர்க்காரனுக்கு அடித்தளத்தின் அருமை தெரியாமல் போகாது. 1885இல் லியோங் சூன் சோங் கட்டிய கடிகாரக் கோபுரத்தின் அடியில் இளகிய மண் கொஞ்சம்தான் இறங்கியது. உச்சியில் அது ஊரே பார்க்கும் சாய்வானது. ஜிக்கிலும் ஓடுசட்டம் பள்ளத்தில் மயிரிழை ஆடினால் மூக்கில் அது பெரிதாகிவிடும். ஆற்றோர ஊரில் காற்றின் ஈரத்துக்கு மரம் உப்பும் என்பதால், ஓடுசட்டத்துக்கு நன்றாகக் காய்ந்த செங்கால் மரத் துண்டையே எடுத்தேன்.

சிக்கனம் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கும் சொல்ல வேண்டும். பிளேடு தின்னும் தடமும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். 100 மில்லிமீட்டர் பலகையில் 16 சட்டம் தேறும். மரத்தில் பாதி தூளாகிவிடும்.

அறுத்து அடுக்கிய சட்டங்களில் ஒன்றை, தோட்டத்தில் ரப்பர் மரப் பட்டை சீவிப் பால் எடுத்த அம்மா எடுத்துப் பார்த்தார். “இதுக்கா இத்தனை அமர்க்களம்? நாங்க சீவுற பட்டை இதுல பாதிதான்டா இருக்கும்,” என்றார். உண்மைதான். பால்மரம் வெட்டுபவர் ஒரு தடவைக்கு எடுக்கும் சீவல் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் குறைவு. விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் நடந்துகொண்டே அதைச் செய்தார்கள்.

அதைக் கைராசி என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மரத்தைக் கண்டபடி கொத்தாமல், ஒரே வெட்டின் ஓரத்தில் மெல்லிய சீவலாக எடுக்கும் முறையை சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ரிட்லி என்ற தாவரவியலாளர் 1890களில் செய்து காட்டினார். அதன்பின் தோட்டங்களில் மரம் வெட்டுக்கு வந்ததும், தகர அச்சை மரத்தில் சுற்றி, இடது மேலிருந்து வலது கீழாக 30 பாகைச் சாய்வில் கோடு போட்டார்கள். ஒரு மாதத்தில் எவ்வளவு பட்டை சீவலாம் என்பதற்கும் மரத்திலேயே அடையாளம் இருந்தது. அம்மாவின் கைக்குப் பின்னாலும் ஓர் அளவுத் தகடு நின்றது. அந்த அளவை விடிகாலை இருட்டிலும் தவறவிடாததுதான் அவர் திறமை.

ஜிக் வைத்து அறுப்பது திறமையில்லாதவன் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். அளவைக் கட்டையிடம் ஒப்படைத்துவிட்டால், கண்ணும் கவனமும் பிளேடின்மேல் மட்டும் இருக்கும். முதல் சட்டம் அறுக்குமுன் ஜிக்கைச் செய்யுங்கள். மரம் மிஞ்சும், விரலும் மிஞ்சும்.