யார் வண்டியில இருந்தே?

கடலூர் முதுநகரை நாங்கள் ஓ.டி. என்றுதான் சொல்வோம். 90களின் தொடக்கத்தில் அங்கே லாரி ஷெட் பக்கம் டிரைவர் வேலை கேட்டு யாரும் வந்து நிற்க மாட்டார்கள். எல்லாரும் கிளீனராகத்தான் வருவார்கள். சாப்பாடு உண்டு. பேட்டாவில் டிரைவர் மனசு வைத்துக் கொடுப்பது உண்டு. சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது.

என் குரு புவனகிரிக்காரர். வாத்தியார் என்றால் திட்டுவார், குரு என்றால் பேசாமல் இருப்பார். மூக்கு வைத்த பழைய டாட்டா வண்டி. ஸ்டியரிங் பக்கம் கை வைக்க நாளாயிற்று. அதுவரை கிடைத்தது பின்பக்க இரட்டை டயர்தான். இரண்டு டயருக்கும் நடுவில் ஜல்லி சிக்கியிருக்கும்; லிவரைக் கொடுத்து நெம்பி எடுக்க வேண்டும். விட்டால் ஓட்டத்தில் கல் சூடாகி ரப்பரைத் தின்றுவிடும். பிறகு அதே லிவரால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு. காற்று சரியாக இருந்தால் 'டங்' என்று திருப்பி அடிக்கும், இறங்கியிருந்தால் 'பொத்' என்று வாங்கிக்கொள்ளும். மேலே ஏறித் தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்தால், "இன்னொரு இழு இழுடா" என்று கீழேயிருந்து குரல் வரும். எத்தனை இழுத்தாலும் அந்த இன்னொரு இழுப்பு பாக்கி இருக்கும்.

கியர் மாற்றும் வித்தையைக் காதால்தான் படித்தேன். கிளட்ச்சை ஒரு முறை மிதித்து நியூட்ரல், இறங்கும் கியர் என்றால் நடுவில் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், மறுபடி கிளட்ச். இன்ஜின் சத்தம் சரியான இடத்துக்கு வந்தால் கியர் தானாக விழும். இல்லையென்றால் கரகரவென்று ஊரையே எழுப்பும்.

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அப்போது, லைட் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆனால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட முடியும், வயதும் 20 ஆகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் காத்திருந்தேன். எல்.எல்.ஆர். கைக்கு வந்த பிறகு, சிதம்பரத்தில் சரக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, புதுச்சத்திரம் தாண்டியதும் குரு இடம் மாறி உட்காருவார். அங்கிருந்து ஆலப்பாக்கம் வரை வண்டி என் கையில். காரைக்காடு நெருங்கி சிப்காட் வாடை மூக்கில் ஏறுவதற்குள் திரும்பப் பிடுங்கிக்கொள்வார். குரு எட்டாவது தேறாதவர். பிற்பாடு டிரைவருக்கு எட்டாவது பாஸ் கட்டாயம் என்று விதி வந்தது, 2019-ல் அதை எடுத்தும் விட்டார்கள். அவரை அந்த விதி என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு லாரியில் கிளீனர் சீட் காலியாகத்தான் ஓடுகிறது. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியே 2018-ல் போய்விட்டது. என் அக்கா மகன் கும்மிடிப்பூண்டி பயிற்சிப் பள்ளியில் முறையாகப் படித்து ஹெவி வாங்கினான். போகும் இடமெல்லாம் "எத்தனை வருஷ அனுபவம்?" என்கிறார்கள். அனுபவம் கிடைக்கிற சீட்டைத்தான் எடுத்துவிட்டார்களே, அவன் எங்கே போவான்? இப்போது குட்டி யானையில் தண்ணீர் கேன் போடுகிறான்.

எனக்கு வேலை கொடுத்தவர் சிதம்பரத்து அரிசி மில் முதலாளி. 1993 பலா சீசன். தென்னார்க்காடு இன்னும் இரண்டாகப் பிரியவில்லை. லைசென்ஸை நீட்டினேன், வாங்கிப் பார்க்கவில்லை.

"யார் வண்டியில இருந்தே?"

குரு பேரைச் சொன்னேன்.

"அவனா? ஏன் வெளிய வந்தே?"

"அவரேதான் போகச் சொன்னாருங்க முதலாளி."

மில் வாசலைக் காட்டி வண்டியைப் பின்னால் எடுத்துப் போடச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்கூட இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பின்னாலிருந்து "வரட்டும்... வரட்டும்... ஒடி, இன்னும் ஒடி..." என்று ஒரு குரல் கூட்டிக்கொண்டு போனது. கண்ணாடியை அதிகம் பார்க்கவில்லை, அந்தக் குரலை நம்பினேன். பாடியில் இரண்டு தட்டு விழுந்ததும் பிரேக்கை மிதித்தேன். முதலாளி அதற்குள் கணக்குப் பிள்ளையிடம் வேறு ஏதோ பேச ஆரம்பித்திருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குச் சொன்னது அந்தக் கிளீனர்தான்.

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ராத்திரியில் கண் சரியாகத் தெரியாததால் கடைசி வரை லைசென்ஸ் பக்கமே போகாதவர். முதல் லோடு பண்ருட்டியிலிருந்து சென்னைக்குப் பலா. கோயம்பேடு மார்க்கெட் அப்போது கிடையாது, கொத்தவால் சாவடிதான். வைக்கோல் பரப்பி அடுக்கிய காய், விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். விக்கிரவாண்டி, திண்டிவனம் எல்லாம் தாண்டும்வரை "தம்பி, லெஃப்ட்ல ஒதுங்கு", "தம்பி, பஸ்ஸுக்கு விடு" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். மதுராந்தகம் டீக்கடையில் நிறுத்தினோம். "டிரைவருக்கு மொதல்ல குடுப்பா" என்றார் கடைக்காரரிடம். காசையும் டிரைவரிடமே வாங்கிக்கச் சொல்லிவிட்டு, டயர் தட்டப் போய்விட்டார்.