விசுவாசமுள்ள பெட்டி

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆங்கிலச் சொல் காதில் விழுந்தாலும் மனசு அதன் பிரெஞ்சு உறவுக்காரனைத் தேடிப் போகும். எல்லோரும் ‘ஹைஃபை’ என்பதை நாங்கள் ‘ஓத் ஃபிதெலித்தே’ என்போம். உயர்ந்த விசுவாசம் என்று பொருள். அதே குடும்பத்துச் சொல்தான் ‘ஃபிதேல்’. கோயிலுக்குத் தவறாமல் பூசைக்கு வரும் விசுவாசிகளையும் அப்படித்தான் சொல்வார்கள். சில ஸ்பீக்கர் கம்பெனிகளின் பேரில் சிலர் வைத்திருக்கும் பக்தியைப் பார்த்தால் இரண்டு அர்த்தமும் பொருந்தும் போலிருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பி.பி.சி. பொறியாளர்களுக்கு ஒரு சிக்கல். வெளியிடத்திலிருந்து ஒலிபரப்பும் வேனுக்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடம் கிடையாது. அதற்காக ஓரடி உயரம், ஏழரை அங்குல அகலத்தில் ஒரு பெட்டி செய்தார்கள். பெயர் எல்.எஸ். 3/5ஏ. பெரிய முரசு அடித்தால் அது திணறும். ஆனால் மனிதக் குரலை அப்படியே கொண்டுவந்து எதிரில் உட்கார வைக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. அங்கே ஸ்பீக்கரைச் சோதிக்க ஒருவரை ஸ்டூடியோவில் பேசச் சொல்வார்கள். நேரில் கேட்ட குரலையும் ஸ்பீக்கரில் வரும் குரலையும் ஒப்பிடுவார்கள். பழகிய குரலில் கடுகளவு மாற்றம் இருந்தாலும் காது கண்டுபிடித்துவிடும் அல்லவா? பெட்டிக்கு மெல்லிய ப்ளைவுட் பலகைதான். உள்ளே அதிர்வை அடக்கும் பட்டைகளை ஒட்டி, பெட்டியின் சொந்தச் சத்தம் குரலோடு கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பெட்டியைச் செய்து விற்கப் பல கம்பெனிகளுக்கு பி.பி.சி. உரிமம் கொடுத்தது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் எல்லாம் அதில் சேர்த்தி. ஸ்பெண்டாரைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹியூஸ் பி.பி.சி.யில் வேலை பார்த்தவர். தன் பெயரோடு மனைவி டோரத்தியின் பெயரைச் சேர்த்துக் கம்பெனிக்கு வைத்தார். ஹார்பெத்தைத் தொடங்கிய ஹார்வுட்டும் பி.பி.சி. ஆள்தான். அவர் மனைவி எலிசபெத். வீட்டுக்காரியின் பெயரைப் பலகையில் எழுதியவர் சரக்கில் கை வைக்க யோசிப்பார் என்று ஜனங்கள் நம்பினால் அதில் தப்பில்லை.

வேடிக்கை என்னவென்றால், யார் செய்தாலும் அளவு ஒன்றுதான். ஆனாலும் ரோஜர்ஸ் கட்சி, ஸ்பெண்டார் கட்சி என்று வடகலை தென்கலை போலப் பிரிந்து நிற்பார்கள். முதலில் வந்த 15 ஓம் பெட்டியா, பின்னால் வந்த 11 ஓம் பெட்டியா என்பது இன்னொரு வழக்கு. இதில் பாதி மனசின் வேலை. 1994-இல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள், ஸ்பீக்கர்களைத் திரைபோட்டு மறைத்தும் கண்ணில் காட்டியும் கேட்கவைத்துப் பார்த்தார்கள். கண்ணால் பார்த்தபோது மார்க்கு மாறிவிட்டது. கெசட்டட் அதிகாரி கையெழுத்தைக் கண்டதும் மனுவுக்கு மரியாதை கூடுவதை முப்பது வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். எனக்கு ஆச்சரியமில்லை.

மீதிப் பாதி எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் பெரியப்பா மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றுப் பாண்டிச்சேரி திரும்பியவர். வரும்போது ஒரு ஜோடி ரோஜர்ஸ் கொண்டுவந்தார். “இவ்வளவு தூரம் இதையா தூக்கிக்கிட்டு வந்தீங்க?” என்று அண்ணி சிரித்தார்கள். அண்ணன் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. பாரிசில் இருக்கும் மகன் போனில் கேட்டான்: “சித்தப்பா, அந்தப் பெட்டிக்கு நல்ல விலை சொல்றாங்க. வித்துடலாமா?”

அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பட்டாளத்தில் இருந்த காலத்தில் அண்ணன் சில சமயம் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார். அண்ணி அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஒன்றைப் போடுவார்கள். நானும் ஒருநாள் கூட இருந்து கேட்டேன். மழை பெய்ததா, சின்னவனுக்கு ஜுரம் விட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இருமுவதற்கு முன் அவர் ஒரு கணம் நிறுத்துவதுகூடக் கேட்டது.

நண்பர்களே, வயதானால் காதில் முதலில் குறைவது மேல் ஸ்தாயிதான். தாளத்தின் கிணுகிணுப்பு எனக்கு இப்போது சரியாக எட்டுவதில்லை. குரலின் கனம் மட்டும் தங்கியிருக்கிறது. அந்தச் சின்னப் பெட்டி காப்பாற்றித் தருவதும் அதைத்தான். பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “பெட்டி உன்னுது, முடிவும் உன்னுது. ஆகஸ்டுல வர்றியே, ஜுரம் வந்த அந்தச் சின்னவன் நீதான். அந்தக் கேசட்டை ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் விலை பேசு.”