ஆடியா, ஔடியா? விடை வைத்திருக்கும் ஜெர்மன் ஊர்!

நான்கு வளையங்கள் கோத்த அந்த சொகுசு காரை நம்மில் பலரும் 'ஆடி' என்றுதான் சொல்கிறோம். ஆடித் தள்ளுபடி கேட்டே பழகிய வாய்க்கு அதுதான் வசதி! ஆனால், அந்தப் பெயர் பிறந்த ஊரில் உச்சரிப்பு வேறு.

ஜெர்மனியின் கிழக்கே, சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது அந்த ஊர். பெயர், ட்ஸ்விக்கௌ. 'ட்ஸ்' என்று தொடங்கி 'ஔ' என்று முடிக்க வேண்டும். அந்தக் கடைசி 'ஔ'வைத் தூக்கி முன்னால் வைத்தால், 'ஔடி'. அவ்வளவுதான். ஔவையார் பெயரைச் சொல்லி வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை.

இந்தப் பெயருக்குப் பின்னால், சொந்தப் பெயரையே இழந்த ஒருவரின் கதை இருக்கிறது. அவர் பெயரும் 'ஔ'வில்தான் தொடங்குகிறது: ஔகுஸ்ட் ஹோர்ஹ். 1899-ல் தன் பெயரில் கார் நிறுவனம் தொடங்கியவர், 1904-ல் அதை ட்ஸ்விக்கௌவுக்குக் கொண்டுவந்தார். நிர்வாகத்தோடு மோதல் ஏற்பட, 1909-ல் வெளியேறி, அதே ஊரில் புது நிறுவனம் தொடங்கினார். 'ஹோர்ஹ் என்ற பெயர் எங்களுடையது' என்று பழைய நிறுவனம் வழக்கு போட்டு ஜெயித்தது. பெற்றோர் வழியாக வந்த பெயரை, தான் செய்யும் காருக்கு வைக்க அவருக்கே உரிமை இல்லை!

மாற்றுப் பெயர் தேடி நண்பர் ஒருவரின் வீட்டில் கூடிப் பேசினார்கள். அங்கே லத்தீன் படித்துக்கொண்டிருந்த நண்பரின் மகன்தான் வழி சொன்னான். 'ஹோர்ஹ்' என்றால் ஜெர்மன் மொழியில் 'காது கொடுத்துக் கேள்' என்று அர்த்தம். லத்தீனில் 'கேள்' என்பதற்கு, 'ஔடி'. பறிபோன பெயர் 1910-ல் வேறு மொழியில் திரும்பி வந்தது!

1932-ல் ஔடி, ஹோர்ஹ், டி.கே.டபிள்யூ, வாண்டரர் என்ற நான்கு நிறுவனங்கள் இணைந்தன. நான்கு வளையங்களுக்கு அர்த்தம் அதுதான். வழக்கில் எதிரெதிரே நின்ற இரண்டு பெயர்களும் ஒரே சின்னத்துக்குள் வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ட்ஸ்விக்கௌ கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. ஔடியின் பழைய ஆலையில் எளிய மக்களின் 'ட்ராபான்ட்' கார்கள் உருவாயின. நான்கு வளையங்கள் மேற்கே இங்கோல்ஷ்டாட் நகரத்தில் புது வாழ்வு தொடங்கின.

அந்தப் பழைய ஆலை வளாகத்தில் இன்று ஔகுஸ்ட் ஹோர்ஹ் அருங்காட்சியகம் இருக்கிறது. ஹோர்ஹ், ஔடி, ட்ராபான்ட் என அத்தனை தலைமுறைக் கார்களையும் அங்கே பார்க்கலாம். லைப்ஸிக் நகரத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ட்ஸ்விக்கௌ போய்விடலாம். டிக்கெட் கேட்கும்போது அந்தக் கடைசி 'ஔ'வை மட்டும் மறக்காதீர்கள்!