இரவற் சொற்கள்

பொருள் விளங்காத சொல்லைச் சொல்லி வழிபடுவது அறிவுடைமை ஆகுமா? ஈராண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பட்டிமன்றத்தில், 'ஆகாது' என்று அடித்துப் பேசியவன் நான். கைதட்டலும் பெற்றேன். அந்த வெற்றியைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா சிரித்தார். "தாலாட்டுக்கு அர்த்தம் கேட்டுட்டா நீ தூங்கினே?" என்றார்.

சென்ற ஆண்டு அம்மா மறைந்தார். பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் புரோகிதர் வடமொழியில் சொல்லச் சொல்ல, நானும் திருப்பிச் சொன்னேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. 'அம்மாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று உள்ளம் சினந்தது. அன்று மாலையே இரயிலேறி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். அழவில்லை. அழாததைப் பகுத்தறிவு என்றே எண்ணிக்கொண்டேன்.

சென்ற திங்கள் ஓரிரவு, என் அறை நண்பர் ஓர் இசைப்பதிவைக் கேட்கச் செய்தார். அவர் கேரளத்துக் கத்தோலிக்கர். பதிவு, உருசிய இசையமைப்பாளர் ஆல்பிரெட் ஷ்னித்கே 1975-இல் இயற்றிய 'ரெக்வியம்'. இறந்தோர்க்கான இலத்தீன் திருப்பலிப் பாடல்களுக்கு அவர் புதிதாக அமைத்த பாடற்குழு இசை அது.

ஷ்னித்கே 1934-இல் வால்கா ஆற்றங்கரையில் உள்ள எங்கெல்சு நகரில் பிறந்தவர். 1972-இல் அவருடைய தாயார் இறந்தார். தாயின் நினைவாகப் பியானோவும் நான்கு நரம்புக் கருவிகளும் சேர்ந்த இசையொன்றைத் தொடங்கினார். முதற்பகுதி பிறந்தது, அதன்பின் வேலை நகரவில்லை. முடிக்க 1976 ஆயிற்று. இடையில் அதற்கென எண்ணிய சில மெட்டுகள் கருவிக்கு அடங்காமல் மனிதக் குரலை வேண்டி நின்றன. அவையே ரெக்வியத்துக்கு வித்தாயின.

சோவியத்து ஆட்சியில் சமய இசையை அரங்கேற்றுவது எளிதன்று. மாஸ்கோவில் ஷில்லரின் 'டான் கார்லோஸ்' நாடகத்துக்கான பின்னணி இசை என்ற போர்வையில்தான் இது முதலில் ஒலித்தது. தனி இசை நிகழ்ச்சியாக 1977-இல், அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில் அரங்கேறியது. தாய்க்குச் செய்யும் கடனுக்கும் மாறுவேடம் வேண்டியிருந்தது!

பகுதிகள் 14. வயலின் இனத்துக் கருவி ஒன்றுகூட இல்லை. ஆர்கன், பியானோ, எக்காளம், மணிகள், இவற்றோடு மின்கிதார்! தொடக்கம் மிக எளிது. தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாமல் பாடுவது போன்றது. என்னை உலுக்கியது 13-ஆம் பகுதி. அதன் பெயர் 'கிரேதோ'. 'நம்புகிறேன்' என்று பொருள். இறந்தோர் திருப்பலியில் வழக்கமாக அதற்கு இடமில்லை என்றார் நண்பர். ஷ்னித்கே தாமாகவே சேர்த்திருக்கிறார். அங்கே கிதாரும் டிரம்மும் அதிர, பாடற்குழு முழங்குகிறது. ஐயமே இல்லாதவர் நம்பிக்கையை இத்தனை உரக்கச் சொல்வாரா என்று எனக்குத் தோன்றியது. முழக்கம் ஓய்ந்ததும், 14-ஆம் பகுதியாக முதற்பகுதியின் அந்த எளிய மெட்டே திரும்பி வந்தது.

எனக்கு இலத்தீன் தெரியாது. ஆயினும் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நண்பர் ஒன்றும் கேட்கவில்லை.

நண்பர்களே, வழிபாடு நம் மொழியில் நிகழவேண்டும் என்ற கொள்கையை நான் விடவில்லை. புரோகிதர் சொன்னதையும் இன்றுவரை நம்பவில்லை. ஆனால், விளங்காத சொல் வெறுஞ்சொல் என்று மன்றத்தில் முழங்கினேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். தன் துயருக்குத் தன் சொல் கிடைக்காதவன், முன்னோர் பலர் சொல்லித் தேய்ந்த சொல்லை இரவல் வாங்குகிறான். ஷ்னித்கே வாங்கினார். ஆற்றங்கரையில் என் கையிலும் கொடுத்தார்கள். நான்தான் இலக்கணம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வரும் தையில் அம்மாவுக்குத் திதி. ஊருக்குப் போகப் பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். திரும்புவதற்கு இன்னும் வாங்கவில்லை.