வண்டியின் நாடி

நாடி பாராது மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பவனை ஊரார் வைத்தியன் என மதியார். இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் நேரிற் கண்டோம். அதனை இம்மலர் வாயிலாக எடுத்துரைத்தல் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்தரும் என எண்ணுகின்றோம்.

எம்மோடு இக்கல்லூரியில் ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பரொருவர் நெடுங்காலமாகக் கராச் நடத்தி வருகின்றார். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய கார்களின் குறையை அவற்றின் ஒலி கேட்டே கூறவல்லவர். 1990இன் பின் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதாகிய காலத்தில், யாழ்ப்பாணத்து வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகளுள் அவர் கைகளும் அடங்கும். ஆயினும் 2009இல் யுத்தம் முடிந்து பாதை திறந்தபின் யப்பானிய ஜீப் வண்டிகள் அவர் கண்முன் பெருகின. "இது கொம்பியூட்டர் வண்டி, உங்களாலை ஏலாது அண்ணை" என்று கூறி வாடிக்கையாளர் ஒவ்வொருவராய் விலகினர். நண்பரும் கராச்சை மூடிவிட எண்ணினார்.

அவ்வேளையில், வாடகைக்கு ஓடும் ரொயோட்டா லாண்ட் குறூசர் பிராடோ ஒன்று அவரிடம் வந்தது. 1990களிற் செய்யப்பெற்ற 2700 சீ.சீ. பெற்றோல் வண்டி அது. காலையில் எளிதில் இயங்காது. இயங்கினும் நடுங்கி நின்றுவிடும். சூடேறியபின் குறையின்றி ஓடும். வேறோரிடத்திற் பெற்றோல் பம்பை மாற்றியும் பயனில்லை. அடுத்துக் கணினியையே மாற்றவேண்டும் என்றனராம். அதற்குப் பணமின்றி வண்டியை விற்க ஆயத்தமாயிருந்தார் உரிமையாளர். அவர் குடும்பத்துக்குச் சோறிடுவது அவ்வண்டியொன்றே.

நாம் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவராதலின் நண்பர் எம்மை அழைத்தார். ஆங்கிலத்திலிருந்த திருத்தக் கைநூலை நாம் படித்துக் கூற, அவர் செய்தார். அவ்வண்டியின் பொனற்றைத் திறந்தால் "டயக்னோஸ்ரிக்" என்று பொறித்த மூடியுடன் சிறு பெட்டியொன்று உண்டு. மூடியின் உட்புறத்தில் முனைகளின் பெயர்கள் காணப்படும். எஞ்சினை இயக்காது, திறப்பை மட்டும் திருப்பிவைத்து, ரி.ஈ.1, ஈ.1 என்னும் இரு முனைகளையும் சிறு வயரால் இணைத்தல் வேண்டும். உடனே சாரதியின் முன்னுள்ள எஞ்சின் விளக்குக் கண்சிமிட்டத் தொடங்கும். இடைவிடாது ஒரே சீராகச் சிமிட்டின் பதிவான குறை யாதுமில்லை. இருமுறை சிமிட்டிச் சற்று ஓய்ந்து மீண்டும் இருமுறை சிமிட்டின் அது 22 என்னும் எண். எமக்குக் கிடைத்ததும் அவ்வெண்ணே.

22 என்பது நீரின் வெப்பத்தை உணரும் உணரியின் சுற்றைக் குறிப்பது. "அப்ப உணரியை மாத்துவம்" என்றார் உரிமையாளர். நண்பர் இணங்கவில்லை. அவ்வுணரியின் தடை 20 பாகை செல்சியசிற் சுமார் 2500 ஓம். 80 பாகையிற் சுமார் 300 ஓம். அளந்து பார்த்தபோது உணரி செவ்வனே இருந்தது. கணினிக்குச் செல்லும் வயரைத் தடவிச் சென்ற நண்பரின் விரல்கள் எலி கடித்த இடத்தில் நின்றன. வயர் அறுந்தமையாற் கணினி நீரின் வெப்பத்தை அறியாது, எஞ்சின் சூடாகவுள்ளதெனக் கொண்டு, குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டிய மேலதிக பெற்றோலைக் கொடாதிருந்தது. வயரைப் பொருத்தியபின், மறுநாட் காலை வண்டி முதல் திருப்பிலேயே இயங்கியது.

எண் குறையுள்ள தெருவைக் காட்டுமேயன்றிக் குற்றவாளியின் வீட்டைக் காட்டாது. வீட்டைத் தேடுதல் கைதேர்ந்தவன் கடன்.

நிற்க. எல்லா வண்டிகளுக்கும் இம்முறை பொருந்தாது. பழைய நிசான் பற்றோலில் 14 முனைச் சொக்கற் டாஷ்போட்டின் கீழ் உருகிப் பெட்டியருகே இருக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு வண்டிகள் முதலாகவும், ஐரோப்பாவிற் பெற்றோற் கார்களுக்கு 2001 முதலாகவும் பொதுமுறை கட்டாயமாயிற்று. அதற்குரிய 16 முனைச் சொக்கற் சாரதியின் பக்கத்தில் இருப்பது வழக்கம். அதில் 16ஆம் முனையில் பற்றறியின் மின்னும், 4ஆம் 5ஆம் முனைகளில் நிலத்தொடுப்பும் உண்டு. அங்கே 12 வோல்ற் இல்லையெனில் ஸ்கானரைக் குறை கூறுமுன் உருகியைப் பார்க்க வேண்டும். சொக்கற்றின் வடிவு ஒன்றாயினும் மொழி வேறாகலாம்: லாண்ட் றோவர் டிஸ்கவரியின் ரி.டி.5 எஞ்சினோடு பொதுவான மலிவு ஸ்கானர் பேசாது. மேலும், முனைகளின் பெயரறியாது வயரிடுதல் ஆபத்து. ரொயோட்டாவின் அப்பெட்டியில் பற்றறி மின் வரும் முனையும் உண்டு.

நண்பரின் கராச் மூடப்படவில்லை. இன்று இரு இளைஞர் அவரிடம் தொழில் பழகுகின்றனர். அவர் புதிதாக வாங்கியது மல்ரிமீற்றர் ஒன்றே. ஓம் விதியை அவரும் நாமும் கற்றது இக்கல்லூரி ஆய்வுகூடத்திலேயாம். பரீட்சைக்கென்றே அதனை மனனஞ் செய்யும் தம்பிமார் இதனை உன்னுவார்களாக. கைத்தொழில் செய்வோனை நூலறியாதான் என்று இகழ்தலும், நூல் கற்றோன் கையில் எண்ணெய் படிய நாணுதலும் நம்மிடையே ஒழியவேண்டும் என்பதே எமது அவா.