அரைப்புள்ளி

இம்மலருக்கு வரும் கட்டுரைகளைத் திருத்தும்பொழுது நாம் ஆண்டுதோறும் காண்பது ஒன்றுண்டு. காற்புள்ளி மழைத்துளிபோல் எங்கும் சிந்திக் கிடக்கின்றது. அரைப்புள்ளியையோ தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது.

பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய நம் முன்னோர் இக்குறிகளை வழங்கவில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியுமன்றோ! 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெனிசு நகரத்து அச்சகத்தார் ஆல்டசு மனூசியசு அரைப்புள்ளியை அச்சேற்றினார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவச் செய்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). குறி மேனாட்டிலிருந்து வந்தது. பெயரோ கால், அரை, முக்கால் என்னும் நம் கணக்கிலேயே அமைந்தது. வாய்விட்டுப் படிக்கையில் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரையும் அரைப்புள்ளிக்கு இரண்டு மாத்திரையும் நிறுத்த வேண்டும் என்பது இலக்கண ஆசிரியர் பாடம்.

அதனை எங்கே இடுவது? மாணவச் செல்வங்களே, வினைச்சொல்லைப் பாருங்கள். "கண்ணன் எழுந்து, குளித்து, பள்ளிக்குச் சென்றான்." எழுந்து, குளித்து என்பன எச்சங்கள், காற்புள்ளி போதும். "கண்ணன் எழுந்தான்; குளித்தான்; பள்ளிக்குச் சென்றான்." இங்கே ஒவ்வொரு வினையும் முற்றிவிட்டது, ஆயினும் எழுவாய் ஒன்றே, கருத்தும் தொடர்கின்றது. ஆகவே அரைப்புள்ளி. ஆங்கிலத்திற்கு இவ்வளவு எளிய அடையாளம் இல்லை என்றே நாம் எண்ணுகின்றோம்.

வினை இல்லாத தொடரிலும் அது வரும்: "தோ பாயோ முன்னாளில் சதுப்பு நிலம்; இந்நாளில் அடுக்குமாடி நகரம்." ஆனால், ஆகையால் போன்ற சொற்களுக்கு முன்னும் வரும்: "மின்தூக்கி பழுதாயிற்று; ஆகையால் பாட்டி பன்னிரண்டு மாடி ஏறினார்."

பெற்றோருக்கும் உழைப்பாளிகளுக்கும் இஃது எதற்கு என்பீர்கள். விடியுமுன்னரே அடுக்குமாடிகளைத் துப்புரவு செய்யப் புறப்படும் அன்னையார் ஒருவர், மகனிடம் ஆசிரியைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: "மருந்து கொடுத்தோம் காலையில் காய்ச்சல் இல்லை." அவசரத்தில் எழுதியது, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் ஆசிரியை திகைத்தார். "மருந்து கொடுத்தோம்; காலையில் காய்ச்சல் இல்லை" என்றால், காய்ச்சல் இரவே தணிந்தது, சிறுவன் வகுப்பில் அமரலாம். "மருந்து கொடுத்தோம் காலையில்; காய்ச்சல் இல்லை" என்றாலோ, மருந்து காய்ச்சலை அடக்கி வைத்திருக்கின்றது, அதன் வேகம் குறைந்ததும் மீண்டும் உடல் கொதிக்கலாம். அடுத்த வேளை மருந்தை எப்பொழுது கொடுப்பது என்பதும் அதனைப் பொறுத்ததே.

ஆசிரியை தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். காலை ஐந்து மணிக்குக் கொடுத்த மருந்து. நண்பகலுக்குள் தந்தையார் வேலையிடத்திலிருந்து வந்து பிள்ளையை அழைத்துச் சென்றார்.