அன்றன்றைய கணக்கு

தொழில்முறைத் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களைக் காணுந்தோறும் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. இவர்களை வருத்துவது பாடமா, அன்றிப் பாடத்தைப் பற்றிய அச்சமா? பாடத்தின் சுமைக்கு ஓர் அளவு உண்டு. அச்சத்தின் சுமைக்கு அளவே இல்லை. அந்த அளவற்ற ஒன்றை அளவுக்குள் கொண்டுவருவதே மன அமைதிக்கு வழி என்பது என் பட்டறிவு.

நான் பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படித்தது 1990களில். பகலெல்லாம் தணிக்கை அலுவலகத்தில் பேரேடுகளையும் ரசீதுகளையும் ஒத்துப் பார்க்கும் பணி. இரவிலும் விடியலிலும் சென்னை மண்ணடியில் ஒரு வாடகை அறையில் படிப்பு. அன்று பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகள். 2023இல் வந்த புதிய திட்டத்தில் அது இரண்டு ஆண்டுகளாயிற்று. இறுதித் தேர்வில் அன்றிருந்த எட்டுத் தாள்கள் இன்று ஆறாகிவிட்டன. ஆயினும் அடிப்படை விதி மாறவில்லை. ஒவ்வொரு தாளிலும் 100க்கு 40 பெறுதல் வேண்டும். ஒரு பிரிவின் தாள்கள் அனைத்தையும் கூட்டினால் 50 விழுக்காடு வருதல் வேண்டும்.

இவ்விதியின் கடுமையை என் அறைத்தோழர் ஒருவர் வாழ்வில் கண்டேன். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் அவருடைய வாப்பா சிறிய மளிகைக் கடை நடத்தி வந்தார். மகன் தேறியபின் மகளின் திருமணம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தனர். முடிவுகள் வந்தபோது நண்பர் நான்கு தாள்களிலும் 40ஐத் தாண்டியிருந்தார். ஆனால் கூட்டுத்தொகை 400க்கு 191. ஒன்பது மதிப்பெண்ணில் ஒரு பிரிவே கைநழுவிப் போயிற்று.

அதன்பின் அவர் இரவு முழுதும் விழித்துப் படிக்கத் தொடங்கினார். தேநீரே உணவாயிற்று. புத்தகம் திறந்திருக்கும்; ஒரு மணி நேரம் கழிந்தும் பக்கம் புரண்டிராது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்க அஞ்சித் தலையணைக்கடியில் வைத்துவிடுவார். கடைக்கே திரும்பிவிடலாமா என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

எங்கள் அலுவலகத்தில் வயது முதிர்ந்த கணக்கர் ஒருவர் இருந்தார். பட்டம் எதுவும் பெறாதவர், பேரேட்டிலேயே தலைநரைத்தவர். நண்பரின் நிலையறிந்த அவர், “தம்பி, இருப்புச் சோதனையில் இருபக்கமும் ஒத்துவராவிட்டால் பேரேடு முழுவதையுமா மீண்டும் எழுதுவோம்? வேறுபாடு எங்கே என்றுதானே தேடுவோம்? அந்த ஒன்பது மதிப்பெண் எங்கே போயிற்று என்று பாருங்கள்” என்றார்.

அன்றிரவே இருவரும் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு அமர்ந்தோம். அடக்கவிலைக் கணக்கியல் தாளில் இறுதி வினாவுக்கு நேரம் போதவில்லை. வருமான வரித் தாளில், பலமுறை படித்த பிரிவுகளே எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. குறை இவ்விரண்டே. வாழ்வே போயிற்று என்று கலங்கியவருக்குத் திருத்த வேண்டியவை இரண்டு என்று தெரிந்தவுடன் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது. அடக்கவிலைக் கணக்குகளைக் கடிகாரத்தை எதிரே வைத்து மூன்று மணி நேரம் எழுதிப் பழகினார். வரிச் சட்டத்தைப் படித்தவுடன் நூலை மூடிவிட்டு, நினைவிலிருந்து தாளில் எழுதிப் பார்த்தார்.

இம்முறை சிறந்தது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. படித்தவற்றுள் பெரும்பகுதி விரைவிலேயே மறந்துபோவதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்தறிந்து 1885இல் நூலாக வெளியிட்டார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்திற்குப் பின் மிகுதியாக நினைவுகூர்ந்தனர். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் அச்சங்களை எழுதிய பதற்றமுள்ள மாணவர்கள் மேம்பட்ட மதிப்பெண் பெற்றதை 2011இல் ரமிரெஸ், பைலாக் ஆகியோர் கண்டறிந்தனர். உள்ளே சுழலும் அச்சம் தாளில் இறங்கியவுடன் அதற்கும் ஓர் அளவு வந்துவிடுகிறது போலும்!

நாங்கள் கைக்கொண்ட பழக்கம் இன்னொன்று உண்டு. ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள்: இன்று படிக்க எண்ணியது, படித்து முடித்தது, நாளைக்குக் கொண்டுசெல்வது. இரவு பத்தரைக்கு அக்கணக்கை முடித்து விளக்கை அணைத்துவிடுவோம். உறக்கத்தை வீண் என்று எண்ணுதல் தகாது. பகலில் கற்றது நினைவில் ஊன்றுவது உறக்கத்தில்தான். படிக்கும்போது குறுக்கிடும் எண்ணங்களை ஒரு துண்டுத் தாளில் குறித்து ஒதுக்கிவிடுவோம். இன்றைய மாணவர்கள் கைப்பேசியையும் அடுத்த அறையில் வைத்துவிட்டு அமர்வது நன்று.

நண்பர் அடுத்த முறை அப்பிரிவில் தேறினார். மற்றப் பிரிவுக்கு மேலும் இருமுறை எழுத நேர்ந்தது. அதற்குள் தங்கையின் திருமணம், யாருடைய தேர்வுக்கும் காத்திராமல், இனிதே நடந்தேறியது. இன்று அவர் தம் ஊருக்கு அருகிலேயே அலுவலகம் வைத்திருக்கிறார்.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். “எப்போது தேறுவாய்?” என்னும் கேள்விக்கு எந்த மாணவனிடமும் விடையில்லை. “இன்று என்ன படித்தாய்? உண்டாயா? உறங்கினாயா?” என்பவற்றுக்கு விடை உண்டு. விடையுள்ள கேள்விகளையே கேளுங்கள். உறக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

திருக்குறளில் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அடுத்தது இடுக்கண் அழியாமை. முயல்பவனுக்கு இடுக்கண் வரும் என்பதை அறிந்தே வள்ளுவர் அவ்வாறு அடுத்தடுத்து வைத்தார் போலும். முயற்சி, இடுக்கண் இரண்டையும் ஒரே நாளில் தீர்க்க எவராலும் இயலாது. ஆனால் இன்றைய கணக்கை இன்றிரவு முடிக்க எவராலும் இயலும்.